மூன்றில் எது? சியன்னா மினிவேனின் வினையூக்கி மாற்றியைத் தேடிக் காட்டிய ஒரு பட்டறை

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஒருவரே நடத்தும் சிறிய மெக்கானிக் பட்டறை ஒன்றில் எங்கள் 2012ஆம் ஆண்டு டொயோட்டா சியன்னா மினிவேனுக்குச் செய்துகொண்ட பழுதாய்வைப் பற்றிய மதிப்புரை இது. இப்போது வரும் வேலைகளையே குறித்த நாளில் முடித்துத் தர முடியவில்லை, ஆகவே பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. அவர் வேலை செய்த முறையை விரிவாக எழுதுவதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதைக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதை அந்த முறையிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்பதால், பெயர் இல்லாமலும் இந்த மதிப்புரை பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் வண்டி முன்சக்கர இயக்கம் கொண்டது, 3.5 லிட்டர் வி6 எஞ்சின். ஓடிய தூரம் 1,38,000 மைல். வாகனப் பதிவைப் புதுப்பிக்கும் அறிவிப்பு வந்து, இந்த முறை புகைச் சோதனை கட்டாயம் என்று அதில் குறிப்பிட்டிருந்த அதே மாதத்தில் செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டியின் கணினியிலிருந்து பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவி கையிலிருந்தது, அதைச் செருகிப் பார்த்தபோது பி0420 என்ற குறியீடு கிடைத்தது. ‘பேங்க் 1-இல் வினையூக்கி மாற்றியின் செயல்திறன் வரம்புக்குக் கீழே உள்ளது’ என்பது அதன் பொருள். பேங்க் என்பது எஞ்சினின் சிலிண்டர் வரிசை; வினையூக்கி மாற்றி என்பது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், அதாவது எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யும் பாகம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வண்டி கலிஃபோர்னியாவில் புகைச் சோதனையில் தேறாது என்பதால் தள்ளிப்போட இடமில்லாமல் போயிற்று.

முதலில் நான் சென்றது வேறொரு எக்ஸாஸ்ட் கடைக்கு. அங்கே வண்டியை லிஃப்டில் ஏற்றவில்லை, பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. குறியீட்டைச் சொன்ன மாத்திரத்தில், வண்டிக்கு அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்ற வேண்டும், 2,900 டாலர் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த வண்டியில் எத்தனை கன்வர்ட்டர்கள் உள்ளன, அவற்றுள் எதை மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு வண்டிக்கு ஒன்றுதான் இருக்கும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் தவறு என்பதும், அதை நம்பிப் பணத்தைக் கொடுத்திருந்தால் 2,900 டாலர் செலவழித்த பிறகும் அதே விளக்கு அதே குறியீட்டோடு திரும்ப எரிந்திருக்கும் என்பதும் ஒரு வாரம் கழித்து இரண்டாவது பட்டறையில்தான் எனக்கு விளங்கிற்று.

இரண்டாவது பட்டறையில் ஆய்வுக் கட்டணம் 165 டாலர் என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். வேலை தொடங்கும் முன் எழுத்து மூலமான மதிப்பீடு தர வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம். சட்டம் இருந்தாலும் அதை மனப்பூர்வமாகக் கடைப்பிடிப்பவர்களைக் காணும்போது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. உரிமையாளர் முதலில் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. பானெட்டைத் தூக்கி, அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்த மாசுக் கட்டுப்பாட்டுத் தகவல் தாளைத் துணியால் துடைத்தார். என்னை அருகே அழைத்து, ஒரு வரியின் மீது விரலை வைத்தார். எஞ்சின் எண்ணெயின் படலத்துக்கு அடியில் பதின்மூன்று ஆண்டுகளாக நான் படிக்காமலேயே விட்ட வரி அது.

அந்த வரியில் ‘2டபிள்யூயூ-டிடபிள்யூசி, டிடபிள்யூசி’ (2WU-TWC, TWC) என்று இருந்தது. டிடபிள்யூசி என்பது கார்பன் மோனாக்சைடு, எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சமாளிக்கும் மூவழி வினையூக்கி மாற்றியைக் குறிக்கும். அதற்கு முன்னால் டபிள்யூயூ என்று சேர்ந்திருந்தால், எஞ்சினை ஒட்டியே பொருத்தப்பட்டு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் விரைவாகச் சூடேறி வேலையைத் தொடங்கும் மாற்றி என்று கொள்ள வேண்டும். எழுத்துகளுக்கு முன்னால் 2 என்ற எண் நின்றால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மாற்றிகள் இணையாக உள்ளன. எழுத்துகளுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 2 என்று நின்றால், ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உள்ளன. ஆக, எங்கள் வண்டியில் எஞ்சினை ஒட்டி இரண்டு, இரண்டு குழாய்களும் சேர்ந்த பிறகு தரைக்கு அடியில் ஒன்று, மொத்தம் மூன்று. ‘வண்டிக்கு ஒன்றுதான்’ என்ற பதிலைப் பொய்யாக்க அந்த ஒற்றை வரியே போதுமானதாக இருந்தது. இந்தத் தாள் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லா வண்டிகளிலும் உண்டு. பெரும்பாலும் பானெட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலேயுள்ள தகட்டிலோ இருக்கும். மாற்றி எங்கே என்று தேடுகிறவர்கள் வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் இதைப் படிப்பது நல்லது.

எஞ்சினை ஒட்டி மாற்றியை வைப்பதன் காரணத்தையும் அவர் விளக்கினார். மாற்றியின் உள்ளே தேன்கூட்டைப் போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. அந்தப் பூச்சு சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பிறகே புகையைச் சுத்தம் செய்யத் தொடங்கும். ஓர் எஞ்சின் வெளியிடும் மாசில் பெரும்பங்கு அது குளிர்ந்திருக்கும் தொடக்க நேரத்தில்தான் வெளியேறுகிறது. மாற்றியை எஞ்சினுக்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவு விரைவில் அது சூடேறும். 1975ஆம் ஆண்டு மாடல்களில் மாற்றிகள் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தபோது அவை தரைக்கு அடியில், எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருந்தன. விதிகள் இறுக இறுக அவை குழாய் வழியே முன்னேறி எஞ்சினின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டன. காற்றுக்கு இது நல்லது. தேடுகிறவருக்கும் கழற்றுகிறவருக்கும் இதனால் வேலை கூடிவிட்டது.

வி6 எஞ்சினை மினிவேனில் குறுக்கே வைத்திருக்கிறார்கள். ஆகவே மும்மூன்று சிலிண்டர்கள் கொண்ட இரண்டு வரிசைகளில் ஒன்று ரேடியேட்டரைப் பார்த்தும், மற்றொன்று பயணிகள் அறையைப் பிரிக்கும் ஃபயர்வாலைப் பார்த்தும் அமைகின்றன. பேங்க் என்று குறியீட்டில் வருவது இந்த வரிசையைத்தான். முதலாம் சிலிண்டர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுவே பேங்க் 1 என்பது விதி. சியன்னாவின் இந்த எஞ்சினில் 1, 3, 5 ஆகிய சிலிண்டர்கள் ஃபயர்வால் பக்கம் உள்ளன. 2, 4, 6 ரேடியேட்டர் பக்கம் உள்ளன. ஆகவே பேங்க் 1 என்பது பின்வரிசை. உதிரிபாகப் பட்டியல்களில் இதையே வலப்பக்கம் என்றும் ரேடியேட்டர் பக்கத்தை இடப்பக்கம் என்றும் எழுதியிருப்பார்கள். எஞ்சினைத் திருப்பி வைத்த பிறகும் பெயரை மாற்றாமல் விட்டதால் வந்த குழப்பம் இது. ‘வலப்பக்க மாற்றி’ என்று படித்துவிட்டு ஓட்டுநர் இருக்கையிலிருந்து வலப்பக்கம் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. இணையத்தில் பாகத்தை வாங்கிவிட்டுப் பொருந்தாமல் திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று அவர் சொன்னார்.

பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றினார். முன்வரிசை மாற்றியை மேலிருந்தே காண முடிந்தது: ரேடியேட்டரின் மின்விசிறிகளுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்தில், வெப்பத்தால் நீலமும் பழுப்பும் ஏறிய தகட்டுக் கவசத்துக்குள் அது தொங்குகிறது. அதன் மீது வெள்ளை மார்க்கரால் 2 என்று எழுதினார். தரையடி மாற்றி இன்னும் எளிது. எஞ்சினுக்கு அடியில் இரண்டு குழாய்கள் ஒன்றாகச் சேரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், முன்னிருக்கைகளுக்குக் கீழ்ப்பகுதியில், குழாயைவிடப் பருத்த நீள்வட்டப் பீப்பாய் போலத் தெரிகிறது. அதில் 3 என்று எழுதினார். இதையும் பின்னால் இன்னும் தள்ளியிருக்கும் சைலன்சரையும் சிலர் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள். சைலன்சர் அளவில் பெரியது, பின்சக்கரப் பகுதியில் இருப்பது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் வயர் அதன் அருகே வராது.

முதலாம் மாற்றிதான் சோதித்தது. ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் இடையே, ஸ்டியரிங் அமைப்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் மேலே, கை நுழையத் தயங்கும் இடத்தில் அது ஒளிந்திருக்கிறது. விளக்கை ஒரு கோணத்தில் சாய்த்துப் பிடித்து, என் தலையைச் சற்று இடப்பக்கமாக நகர்த்தச் சொன்ன பிறகே கவசத்தின் கீழ் விளிம்பும், அதிலிருந்து இறங்கும் குழாயின் விளிம்பு இணைப்பும் கண்ணில் பட்டன. எட்டும் வரை கையை நீட்டி அந்த விளிம்பில் 1 என்று எழுதினார். இந்த வண்டியில் பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவதற்கே வைப்பர் அமைப்பையும் அதன் கீழுள்ள தட்டையும் இன்டேக் மேற்பகுதியையும் கழற்ற வேண்டியிருக்கிறது என்பது சியன்னா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதே நெருக்கடி கீழிருந்து வருகிறவருக்கும் உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு தாராளமாக இடம் கொடுக்கும் வண்டி, மெக்கானிக்கின் கைக்கு இவ்வளவு குறைவாக இடம் விட்டிருப்பது இதன் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

மூன்று எண்களையும் எழுதி முடித்த பிறகு அவர் சொன்னதுதான் என் 2,900 டாலரைக் காப்பாற்றியது. ஒவ்வொரு வரிசைக்கும் மாற்றிக்கு முன்னால் ஒரு காற்று-எரிபொருள் விகித சென்சாரும் பின்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் உள்ளன, மொத்தம் நான்கு. வரிசைக்கு ஒன்றென்று தனித்தனியாக அளக்க வேண்டுமானால், இரண்டு குழாய்களும் சேர்வதற்கு முன்னாலேயே அளந்தாக வேண்டும். எனவே பின்சென்சார்கள் இரண்டும் தரையடி மாற்றிக்கு முன்பே நின்றுவிடுகின்றன. தரையடி மாற்றிக்குப் பிறகு சென்சாரே கிடையாது. கணினி மூன்றாம் மாற்றியைப் பார்ப்பதேயில்லை. பி0420 வந்தால் அது 1 என்று எழுதிய மாற்றியைப் பற்றியது. பி0430 வந்தால் 2 என்று எழுதியதைப் பற்றியது. 3 என்று எழுதியதை எத்தனை முறை புதிதாக மாற்றினாலும் இந்த இரண்டு குறியீடுகளில் எதுவும் போகாது. முதல் கடை மாற்றுவதாகச் சொன்னது அந்த மூன்றாவதைத்தான். கையில் எட்டுவது அது ஒன்றுதான் என்பதைத் தவிர அதை மாற்ற வேறு காரணம் இல்லை.

அடுத்து, முதலாம் மாற்றி உண்மையில் கெட்டுவிட்டதா என்பதைச் சோதித்தார். நல்ல மாற்றியின் உள்ளே இருக்கும் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகும்போது அதைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, குறையும்போது திருப்பிக் கொடுக்கிறது. இந்தச் சேமிப்புத் திறனால்தான் பின்சென்சாரின் மின்னழுத்தம் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் 0.6, 0.7 வோல்ட் அளவில் அமைதியாக இருக்கிறது. எரிபொருள் கலவையை வேண்டுமென்றே சிறிது கூட்டியும் குறைத்தும் இந்தச் சேமிப்புத் திறனைக் கணினி அளந்து பார்க்கிறது. அது குறைந்தால் விளக்கை எரியவைக்கிறது. திரையில் இரண்டு வரிசைகளின் கோடுகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடின. இரண்டாம் வரிசையின் கோடு நேராகச் சென்றது. முதலாம் வரிசையின் கோடு அடிக்கடி பள்ளத்தில் விழுந்தது. ஆனால் எஞ்சினின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளுக்கு உயர்த்தியதும் அந்தக் கோடும் பெருமளவு நிமிர்ந்துவிட்டது. செத்த மாற்றியாக இருந்தால் வேகம் கூடியதும் இப்படி நலமாகாது, காற்று எங்கோ உள்ளே நுழைகிறது என்றார். எஞ்சினிலிருந்து புகை தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே குழாயின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் நொடியில், சிறு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தக் காற்றின் ஆக்சிஜனைப் பின்சென்சார் முகர்ந்துவிட்டு, மாற்றி வேலை செய்யவில்லை என்று கணினிக்குத் தவறாகச் சொல்லிவிடுகிறது.

எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, சைலன்சரின் வாயை அடைத்து, குழாய்க்குள் சோதனைப் புகையை மெல்லச் செலுத்தினார். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு 1 என்று எழுதிய விளிம்பு இணைப்பின் மேற்புறத்திலிருந்து, ஊதுவத்தி நுனியில் எழுவதைப் போல ஒரு மெல்லிய வெண்புகை நூல் எழுந்து, ஃபயர்வாலில் பட்டுப் பிரிந்தது. எங்கள் வண்டியின் நோய் மொத்தமும் அந்த நூல்தான்.

காரணமும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஈராண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் கிடந்த ஓர் இரும்புத் துண்டின் மீது ஏறி, எக்ஸாஸ்டின் முன்குழாய் வளைந்துபோனது. அதைக் கழற்றி மாட்டிய வேறொரு பட்டறை, கைக்கு எட்டும் முன்வரிசை இணைப்பில் கசிவை அடைக்கும் வளையமான கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டுவிட்டு, எட்டாத பின்வரிசை இணைப்பில் பழைய கேஸ்கெட்டையே அமுக்கி வைத்திருந்தது. ஒருமுறை அழுத்தம் வாங்கிய கேஸ்கெட் இரண்டாம் முறை சரியாக அடைக்காது. கழற்றினால் புதிதாகப் போட வேண்டிய பாகம் அது. கழற்றி எடுத்த பழைய வளையத்தை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை இந்த மாநிலத்தில் வாடிக்கையாளருக்கு உண்டு. ஆனால் நான் கேட்கும் முன்பே கொடுத்தார். வளையத்தின் மூன்றில் இரண்டு பங்கு சாம்பல் நிறத்தில் பளபளப்பாக இருந்தது. மீதிப் பங்கில், கட்டைவிரல் அகலத்துக்கு, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை கரிக்கோடு ஓடியிருந்தது. புதிய கேஸ்கெட், புதிய நட்டுகள், கூலி எல்லாம் சேர்ந்து 285 டாலர்.

வேறு மினிவேன் வைத்திருப்பவர்களுக்காகச் சிலவற்றை அவரிடம் கேட்டுக்கொண்டேன். அண்மைத் தலைமுறை ஹோண்டா ஒடிஸியின் வி6 எஞ்சினில், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனிப் பாகமாக இல்லை. அது எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் மாற்றி நேராக ஹெட்டிலேயே திருகப்படுகிறது. 2011 முதல் 3.6 லிட்டர் எஞ்சினோடு வந்த டாட்ஜ் கிராண்ட் கேரவன், கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி ஆகியவற்றிலும் இதே அமைப்புதான். இவற்றிலும் பேங்க் 1 ஃபயர்வால் பக்கமே. 2011, 2012 சியன்னாக்களில் சில 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினோடு விற்கப்பட்டன. 2021 முதல் வரும் சியன்னாக்கள் எல்லாமே நான்கு சிலிண்டர் ஹைபிரிடு வண்டிகள். அவற்றில் ஒரே வரிசை என்பதால் பேங்க் 2 என்ற பேச்சே எழாது.

மாற்றியே கெட்டிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது அவசியம். அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி வினையூக்கி மாற்றிக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை தயாரிப்பாளரின் மாசுக் கட்டுப்பாட்டு உத்தரவாதம் உண்டு. அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் கைப்பணத்தைச் செலவழிக்கும் முன் டீலரிடம் போக வேண்டும். எங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டது. தாண்டிய வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில், தயாரிப்பாளரின் அசல் மாற்றியையோ, மாநிலக் காற்றுவள வாரியம் குறிப்பிட்ட வண்டிக்கென்று ஒப்புதல் எண் வழங்கிய மாற்றியையோ மட்டுமே பொருத்தலாம். அந்த எண்ணும், புகை செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் கவசத்தின் மீதே பதிக்கப்பட்டிருக்கும். நியூயார்க்கும் இதே விதியைப் பின்பற்றுகிறது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் மாற்றிகள் பலவற்றின் விவரத்தில் கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு அல்ல என்று சிறிய எழுத்தில் இருக்கும்; அதை வாங்கிப் பொருத்தினால் புகைச் சோதனை செய்கிறவர் கண்ணால் பார்த்த அளவிலேயே தோல்வி என்று எழுதிவிடுவார்.

மாற்றி தானாகக் கெடுவது அரிது என்றும் அவர் வலியுறுத்தினார். எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது, கூலன்ட் உள்ளே கசிகிறது, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளுகிறது என்றால் அவை மாற்றியின் பீங்கானை மூடிவிடும் அல்லது உருக்கிவிடும். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அது பெரும்பாலும் இந்த எரியாமையின் அறிகுறி. அப்போது வண்டியை ஓரம் கட்ட வேண்டும். மின்ன மின்ன ஓட்டுகிற ஒவ்வொரு மைலும் மாற்றியைக் கொல்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய மாற்றியைப் போடுவது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மாற்றி ஊற்றுவதைப் போன்றது.

மூன்றாம் மாற்றியை அடையாளம் கண்டுகொண்டதில் மற்றொரு பயனும் உண்டு. திருடர்கள் அறுத்துக்கொண்டு போவது அதைத்தான். மற்ற இரண்டும் அவர்களுடைய கைக்கும் எட்டாது. 2021ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை ஒரு அவுன்சுக்கு 20,000 டாலரைத் தாண்டிய நாட்களில் இந்தப் பகுதியில் பல வீட்டு வாசல்களில் காலையில் வண்டியைக் கிளப்பியவர்கள் அதன் எக்ஸாஸ்ட் அலறும் சத்தத்தைக் கேட்டுத்தான் திருட்டை அறிந்தார்கள். ஆவணமில்லாமல் பழைய மாற்றிகளை வாங்குவதைத் தடுக்கும் சட்டங்களை 2022இல் கலிஃபோர்னியா நிறைவேற்றியது. வண்டி லிஃப்டில் இருந்தபோதே, மூன்றாம் மாற்றியின் கவசத்தில் வண்டி அடையாள எண்ணைச் செதுக்குக் கருவியால் பொறித்துத் தந்தார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

இந்தப் பட்டறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முன்பதிவுக்கு ஆறு நாள் காத்திருந்தேன். தொலைபேசியை அவர் வேலையின் நடுவே எடுப்பதில்லை. மாலை ஐந்து மணிக்குமேல் அவரே திருப்பி அழைக்கிறார். காத்திருப்பதற்கு இரண்டு நாற்காலிகள்தான் உண்டு, கழிப்பறைக்குப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போக வேறு வாகனத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது நலம். ஆய்வுக் கட்டணமான 165 டாலரைப் பழுதுபார்ப்புச் செலவில் கழித்துக்கொள்வதில்லை. சிலருக்கு இது கசக்கலாம். எனக்குக் கசக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வாங்கியது பாகம் அல்ல, பாகம் தேவையில்லை என்ற உறுதியான விடை. அதற்கும் உழைப்பு உண்டு, விலை உண்டு.

இத்தகைய வேலையை வீட்டிலேயே பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தகவல் தாளைப் படிப்பதும், ரேடியேட்டர் பக்க மாற்றியை மேலிருந்து பார்ப்பதும் யாரும் செய்யக்கூடியவை. வண்டிக்கு அடியில் போவதென்றால், ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. தாங்குகால்கள் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே போக வேண்டும். ஓடி நின்ற வண்டியின் மாற்றி பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். அணைத்து ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பின்வரிசை மாற்றியைக் காண, கைப்பேசியை நீண்ட கழியில் கட்டி, விளக்கைப் போட்டு, படம் எடுப்பதே எளிய வழி.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்துவிட்டு, நேராகப் புகைச் சோதனைக்குப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அழித்தவுடன் கணினியின் தன்சோதனைகள் எல்லாம் முடிவுறாத நிலைக்குப் போய்விடும். 2000ஆம் ஆண்டு மாடலிலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் வரும் பெட்ரோல் வண்டிகளில் எரிபொருள் ஆவி தொடர்பான ஒரு சோதனை மட்டும் முடிவுறாமல் இருக்க அனுமதி உண்டு. வினையூக்கி மாற்றிக்கான சோதனை முடிந்திருக்கத்தான் வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இரண்டு காலைகள், போக்குவரத்து நெரிசல் தொடங்கும் முன், 680 நெடுஞ்சாலையில் சுனோலைத் தாண்டிச் சென்று திரும்பினேன். இரண்டாம் நாள் வீட்டு வாசலில் ஓபிடி கருவியைச் செருகியபோது மாற்றிக்கான சோதனை முடிந்தது என்று காட்டியது, பி0420 வரவில்லை. அன்று பிற்பகலே புகைச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. அதற்குப் பிறகு 4,000 மைல் ஓடியிருக்கிறது, விளக்கு எரியவில்லை.